ஹார்ப்பும் கோராவும்: கேட்ரின் ஃபின்ச் – செக்கூ கெய்ட்டா ஜோடியில் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்?

வடகரை (இழையைத் தொடங்கியவர்)

இந்த ஜோடிக்கு இங்கே இதுவரை தனி இழை இல்லை என்பது ஆச்சரியம். கேட்ரின் ஃபின்ச் வேல்ஸ் நாட்டு ஹார்ப் கலைஞர். செக்கூ கெய்ட்டா செனகலின் தெற்கு மூலையில் இருக்கும் கசமான்ஸ் பகுதிக்காரர், சிகின்ஷோர் ஊர், மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியமான கோராவை வாசிப்பவர். 2013, 2018, 2022 என்று மூன்று ஆல்பங்கள் வந்திருக்கின்றன. 2019-ல் பிபிசி ரேடியோ 2 நாட்டாரிசை விருதுகளில் சிறந்த ஜோடி அல்லது குழுவுக்கான விருதை இவர்கள் வாங்கினார்கள். ஆண்டின் சிறந்த இசைக்கலைஞர் விருதும் அதே மேடையில் கெய்ட்டாவுக்குப் போனது.

என் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மரபுகள் சேரும் ஆல்பங்களில் பெரும்பாலும் ஒருவர் பாதை போடுவார், மற்றவர் ஓரத்தில் அலங்காரம் செய்வார். இவர்களிடம் அது இல்லை. பல இடங்களில் எந்த நரம்பு யாருடையது என்றே பிடிபடுவதில்லை. ஆனாலும் உற்றுக் கேட்டால் ஹார்ப்தான் அதிகம் வளைந்துகொடுக்கிறது என்று எனக்குப் படுகிறது. பெரிய வாத்தியம், பெரிய மேடைகளில் பழகிய கை, இருந்தும் ஃபின்ச்தான் கெய்ட்டாவின் வீட்டுக்குப் போய் உட்காருகிறார். உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?

---

முச்சந்தி

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள். இதை எந்தக் கணக்கில் நாட்டாரிசை என்கிறோம்? ஃபின்ச் லண்டன் ராயல் அகாடமியில் படித்தவர். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் முழுவதையும் ஹார்ப்புக்கு மாற்றி, டாய்ச்ச கிராமஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தவர். 2000 முதல் 2004 வரை வேல்ஸ் இளவரசரின் அரசவை ஹார்ப் கலைஞர். அவர் வாசிப்பது 47 நரம்பும் 7 பெடலும் உள்ள கச்சேரி ஹார்ப், சிம்ஃபனி இசைக்குழுவில் நிற்கிற வாத்தியம்.

வேல்ஸ் நாட்டார் மரபு என்றால் மூன்று வரிசை நரம்புகள் உள்ள ஹார்ப். நான்சி ரிச்சர்ட்ஸ் என்ற அம்மையார் 1979-ல் இறக்கும்வரை அதை விடாமல் காப்பாற்றி, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த வழியில் வந்த ஒருவர் கோராவுடன் உட்கார்ந்திருந்தால் இரண்டு நாட்டார் மரபுகள் சந்தித்தன என்று ஒப்புக்கொள்வேன். இங்கே இருப்பது ஒரு பக்கம் கன்சர்வேட்டரி என்ற மேற்கத்திய இசைக்கல்லூரி, இன்னொரு பக்கம் கிரியோ என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பாணர் பரம்பரை. ஐரோப்பியத் திருவிழா மேடைகளுக்கு நன்றாக விலைபோகும் சரக்கு, அவ்வளவுதான்.

---

கார்டிஃப் செல்வி

முச்சந்தி தம்பி, காலையிலேயே சண்டைக்கு வந்துவிட்டீர்களா? சரி, இந்த ஊரில் இருப்பவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

வேல்ஸின் அடையாளம் என்று நீங்கள் சொல்லும் அந்த மூன்று வரிசை ஹார்ப் இத்தாலியில் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் வழியாக வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. மற்ற இடங்களில் எல்லாம் அதைக் கைவிட்டார்கள், வேல்ஸ் விடவில்லை, அதனால் வேல்ஸ் ஹார்ப் ஆகிவிட்டது. வந்தேறி வாத்தியம் நாட்டார் வாத்தியம் ஆகலாம் என்றால் பெடல் ஹார்ப் மட்டும் என்ன பாவம் செய்தது?

இன்னொன்று, இங்கே சாஸ்திரியம், நாட்டார் என்று நடுவில் அவ்வளவு உயரமான சுவர் கிடையாது. ஃபின்ச் வளர்ந்தது லானான் என்ற கடலோரக் கிராமம். சிறு வயதில் ஸ்பெயின் கலைஞர் மரிசா ரோப்லஸின் கச்சேரியைப் பார்த்துத்தான் ஹார்ப் வேண்டும் என்று அடம்பிடித்தாராம். பிறகு எலினோர் பென்னட்டிடம் பாடம். இங்கே பிள்ளைகள் ஐஸ்டெத்வட் என்ற வேல்ஸ் கலைவிழாப் போட்டிகளில் பாக் வாசித்த கையோடு அடுத்த சுற்றில் நாட்டார் மெட்டு வாசிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கும் அதில் வியப்பு இல்லை.

"விலைபோகும் சரக்கு" என்றதற்கும் ஒரு கதை இருக்கிறது. இந்த ஜோடி திட்டம் போட்டு அமைந்தது இல்லை. 2012-ல் ஃபின்ச்சுடன் சேர வேண்டியவர் மாலி நாட்டின் கோரா மேதை துமானி தியாபத்தே. ஒத்திகை தொடங்க வேண்டிய நேரத்தில், அந்த மார்ச் மாதம், மாலியில் ராணுவப் புரட்சி. அவரால் வந்து சேர முடியவில்லை. பிரிட்டனிலேயே இருந்த கெய்ட்டாவைக் கூப்பிட்டார்கள், இடத்தை நிரப்புவதற்காக. அந்த ஒத்திகை அறையில் ஒட்டிக்கொண்டதுதான் இன்றுவரை வந்திருக்கிறது. இதை முன்னின்று நடத்தியது கார்டிகன் ஊரின் மூல்டான் அரங்கு. முதல் ஐஸ்டெத்வட் 1176-ல் ரீஸ் பிரபு நடத்தியதும் அதே ஊர்க் கோட்டையில்தான். சும்மா ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்.

---

முச்சந்தி

அக்கா, இத்தாலி விஷயம் எனக்கும் தெரியும். வந்து முந்நூறு ஆண்டு ஆகிவிட்டது, மக்கள் கைகளில் புழங்கித் தேய்ந்துவிட்டது. பெடல் ஹார்ப் இன்னும் கச்சேரி மண்டபத்து வாத்தியம்தான். ஆனால் ஆள் மாற்றிப் போட்ட கதை சுவையாக இருக்கிறது. தியாபத்தே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வைக்கிறது. அவர் 2024 ஜூலையில் போய்விட்டார், இனி ஊகம்தான்.

---

நரம்பிழை

வடகரையின் கேள்விக்குத் திரும்பலாமா? வீணை கற்றுக்கொண்டிருக்கிறேன், அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தபோது புரிந்ததைச் சொல்கிறேன்.

கோரா என்பது பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், நடுவே நீண்ட மரத்தண்டு, தோலின்மேல் நிமிர்ந்து நிற்கும் குதிரை. அந்தக் குதிரையின் இரு பக்கமும் வெட்டுகள், அவற்றில் நரம்புகள். இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10. இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், வாசிப்பது இந்த நான்கு மட்டுமே. மற்ற விரல்கள் கைப்பிடிக் குச்சிகளைப் பிடித்திருக்கும். ஹார்ப்பில் சுண்டுவிரலைத் தவிர எட்டு விரலும் வேலை செய்யும்.

இப்போது சுருதி. கோராவில் ஒரு பாடலுக்கு ஏழு சுரங்களைக் கட்டிவிட்டால் அந்தப் பாடல் முடியும்வரை அவ்வளவுதான், நடுவில் சுரம் மாற்ற வழியில்லை. சிலாபா, சவ்தா, ஹார்டினோ, தோமோரா என்று கட்டும் முறைகளுக்குப் பெயர்கள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் வாசிப்பை நிறுத்தி முறுக்க வேண்டும். அதற்காகத்தான் கெய்ட்டா இரட்டைத் தண்டு கோரா ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார், இரண்டு கட்டு ஒரே வாத்தியத்தில். ஹார்ப்பிலோ காலடியில் ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. ஒரு மிதி மிதித்தால் அந்தச் சுரம் எல்லா ஸ்தாயியிலும் மாறிவிடும்.

ஆகவே யார் நகர முடியுமோ அவர்தான் நகர்கிறார். ஃபின்ச் இறங்கி வருகிறார் என்பதில் பெருந்தன்மையும் இருக்கலாம், ஆனால் பாதிக்குமேல் வாத்தியத்தின் அமைப்பு செய்யும் வேலை. மேற்கத்திய ஹார்மனியில் பழகியவர் நாலு வரிக்கு ஒருமுறை சுருதி மாற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஏழு சுரத்துக்குள் ஏழெட்டு நிமிடம் உட்கார வேண்டும். அது லேசான காரியம் இல்லை.

---

ராகப்பித்தன்

சார், அப்படியானால் இந்தக் கட்டு முறைகள் நம் மேளகர்த்தாக்கள் மாதிரிதானே? எதாவது ஒத்துப்போகிறதா?

---

நரம்பிழை

ஹார்டினோ ஏறத்தாழச் சங்கராபரணத்தின் சுரங்கள். சவ்தாவில் மத்யமம் ஏறிவிடும், கல்யாணி சுரங்கள் வந்துவிடும். ஆனால் சுர வரிசை ஒன்று என்பதால் கல்யாணி கேட்கும் என்று போய் உட்காராதீர்கள். கமகம் கிடையாது, பிடி கிடையாது. அங்கே ஜீவன் வேறு இடத்தில் இருக்கிறது. கும்பெங்கோ என்று ஒரு சுழல் வரும், கட்டைவிரல்கள் அதைச் சலிக்காமல் திருப்பித் திருப்பி வாசிக்கும். அந்தச் சுழலை உடைத்துக்கொண்டு பிரிமின்டிங்கோ என்ற ஓட்டம் மேலிருந்து சரிந்து வரும், மறுபடி சுழலுக்கே திரும்பும். இந்த உரசலில்தான் எல்லாம் நடக்கிறது.

அப்புறம், பழைய கோராக் கட்டுகளில் சில இடைவெளிகள் பியானோவின் சம அளவுக்குப் பொருந்தாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும். தனியாக வாசிக்கும்போது அதற்கு ஒரு ருசி உண்டு. ஹார்ப்புடன் சேரும்போது யாராவது ஒருவர் அதை விட்டாக வேண்டும்.

---

வடகரை

அப்படியென்றால் அங்கே கெய்ட்டா விட்டுக்கொடுக்கிறார். கணக்கு சமன் ஆகிறதா?

---

ஒலிமேடை பாலா

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன். நீங்கள் எல்லோரும் சுரத்தைப் பேசுகிறீர்கள், நான் நாரைப் பேசுகிறேன்.

எந்த நரம்பு யாருடையது என்று பிடிபடவில்லை என்று தொடக்கத்தில் வடகரை சொன்னார் இல்லையா? காரணம் எளிது. ஒரு காலத்தில் தோலை முறுக்கிச் செய்த நரம்புகள் கோராவில் இருந்தன. இப்போது மீன்பிடி நைலான். பெடல் ஹார்ப்பின் மேல் ஸ்தாயி நரம்புகளும் நைலான், நடுப்பகுதி குடல் நரம்பு, அடியில் கம்பி சுற்றியது. ஆக, மேல் பகுதியில் இரண்டும் ஒரே பொருள், இரண்டும் விரல் நுனியால் மீட்டப்படுபவை. கலவை செய்கிறவனுக்கு இது தலைவலி பிடித்த ஜோடி. பியானோவும் புல்லாங்குழலும் என்றால் தானாகப் பிரிந்து நிற்கும். இங்கே இடம் வலமாகத் தள்ளி வைத்தால் மேடை போலி ஆகிவிடும், நடுவில் வைத்தால் குழைந்துவிடும்.

நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். கோராவின் மீட்டு கூர்மையாக வந்து சீக்கிரம் அடங்கும், தோலும் குடுக்கையும் அப்படி. ஹார்ப் ஒலி பின்னால் நீண்டு நிற்கும், முக்கியமாக அடிநரம்புகள். கோராவின் எல்லை மூன்று ஸ்தாயிக்குச் சற்று மேல், ஹார்ப்பின் எல்லை ஆறரை. ஃபின்ச் புத்திசாலித்தனமாகச் செய்வது என்னவென்றால், கெய்ட்டா மேலே ஓடும்போது கோராவுக்கு எட்டாத கீழ்ப்பகுதிக்குப் போய்விடுவார். தரை போல அங்கே விரித்துவிட்டு, இடம் கிடைக்கும்போது மட்டும் மேலே வருவார். இதை விட்டுக்கொடுப்பது என்று சொல்ல மாட்டேன். தரை யாருடையதோ வீடும் கொஞ்சம் அவருடையதுதான்.

---

முச்சந்தி

நல்ல விவாதம். ஆனால் எல்லோரும் நரம்பையே பார்க்கிறீர்கள். கெய்ட்டா தரப்பில் போன பெரிய சொத்து சுருதி இல்லை, சொல்.

கெய்ட்டாவின் மண்டிங்கா மக்களிடையே ஜாலி (நான் முதலில் சொன்ன கிரியோதான்) என்றால் வெறும் கோரா வாசிப்பவர் கிடையாது. வம்ச வரலாறு சொல்பவர், புகழ் பாடுபவர், இடித்துரைப்பவர், சமாதானம் பேசுபவர். நம் பாணர்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கே அது இன்றும் குடும்பத் தொழிலாக உயிரோடு இருக்கிறது. கோரா அந்தச் சொல்லைத் தாங்கும் தூண். கெய்ட்டாவின் கதையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. கெய்ட்டா என்பது பழைய மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா அரசரின் குலப்பெயர், தந்தை வழியில் வந்தது. ராஜ குலத்தார் புகழ்பாடும் தொழிலுக்கு வருவது வழக்கம் இல்லை. தாய்வழி சிசோக்கோ குடும்பம், பெயர்பெற்ற ஜாலிகள். தாய்வழித் தாத்தா ஜாலி கெமோ சிசோக்கோவிடம் வளர்ந்ததால்தான் கோரா கைக்கு வந்தது.

இப்படிப்பட்ட மரபிலிருந்து வந்தவர், இந்த ஜோடியில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சில இடங்களில் பாடுகிறார், மற்றதெல்லாம் வாத்தியம் மட்டும். கேட்பவருக்கு மொழி தெரியாது, அதனால் சொல்லை எடுத்துவிட்டார்கள். பெடல் மிதிக்காமல் இருப்பது ஒரு தியாகம் என்றால் இதை என்னவென்று சொல்வீர்கள்?

---

வடகரை

இதுதான் இழையிலேயே கனமான வாதம். இதைக் கேட்டபின் என் முதல் பதிவின் தராசு சாய்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு மறுப்பு.

சொல் முழுவதும் போய்விடவில்லை, தலைப்புக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. 2018 ஆல்பமான ஸோரில் 1677 என்றே ஒரு உருப்படி. டாக்கர் கரைக்கு எதிரே உள்ள கோரே தீவை டச்சுக்காரர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த ஆண்டு அது. அடிமை வியாபாரத்தின் நினைவுச் சின்னமாக இன்று உலகம் போய்ப் பார்க்கும் தீவு. அதே ஆல்பத்தில் வேல்ஸின் த்ரவெரின் பள்ளத்தாக்கைப் பற்றியும் ஒன்று. ஒருவர் தன் காயத்தை வைக்கிறார், மற்றவர் தன்னுடையதை வைக்கிறார்.

---

முச்சந்தி

அட்டைக் குறிப்பைப் படித்தால்தான் காயம் தெரியும் என்றால் அது இசையின் வேலையா, அச்சகத்தின் வேலையா? கண்ணை மூடிக்கொண்டு 1677-ஐக் கேட்டால் எனக்கு அழகான ஒரு மாலை நேரம் தெரிகிறது. கோரே தெரியவில்லை. இரண்டு காயங்களும் ஒரே அளவா என்பது வேறு கேள்வி.

---

கார்டிஃப் செல்வி

ஒரே அளவு என்று யாரும் சொல்லவில்லை தம்பி. த்ரவெரின் தெரியாதவர்களுக்காக: லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று, வேல்ஸ் உறுப்பினர்களின் எதிர்ப்பை மீறி நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, கபெல் கெலின் என்ற வேல்ஸ் மொழி பேசும் கிராமத்தை 1965-ல் அணையில் மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், கல்லறைகள் எல்லாம் நீருக்கு அடியில். கடலோரச் சாலையில் ஒரு பாழடைந்த சுவரில் "த்ரவெரினை மறக்காதே" என்று எழுதியிருக்கும். யாராவது அழித்தால் மறுநாளே யாராவது திரும்ப எழுதுவார்கள். இந்த ஊரில் அந்தத் தலைப்பை அறிவித்தாலே அரங்கம் நிமிர்ந்து உட்காரும், அட்டைக் குறிப்பு தேவைப்படாது. செனகலில் கோரே என்றாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் எனக்கும்தான் குறிப்பு வேண்டும்.

ஸோர் ஆல்பத்தின் அடிப்படையே ஒரு பறவை என்பதை யாரும் சொல்லவில்லையே! விரால் அடிப்பான், ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே. வேல்ஸில் பல நூறு ஆண்டுகளாக அற்றுப்போயிருந்தது. மேற்கு வேல்ஸின் டவி பள்ளத்தாக்கில் 2011-ல் மீண்டும் குஞ்சு பொரித்தது. இலையுதிர் காலத்தில் இவை கிளம்பிச் செனகல், காம்பியா கரைகளுக்குப் போய்விட்டு வசந்தத்தில் திரும்பும். முதல் உருப்படியின் பெயர் கிளாரக். 2013-ல் அங்கே பொரித்த ஒரு பறவையின் பெயர். இரண்டு நாட்டையும் இணைக்க இதைவிட இயல்பான சாக்கு கிடைக்காது, ஒப்புக்கொள்ளுங்கள்.

---

முச்சந்தி

பறவைக்கு விசா வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன்.

---

நரம்பிழை

நாட்டாரிசையா இல்லையா என்ற சண்டைக்கு உண்மையான பதில் முதல் ஆல்பத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. ராபர்ட் ஆப் ஹியூ, நியாலிங் சொங்கோவைச் சந்திக்கிறார் என்ற பொருளில் ஒரு உருப்படி உண்டு. நியாலிங் சொங்கோ கசமான்ஸ் பகுதியின் பழைய அரசர், அவர் பெயரில் ஒரு கோரா மெட்டு. ராபர்ட் ஆப் ஹியூ வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சேர்ந்த ஹார்ப் கலைஞர், 1613 வாக்கில் தனக்குத் தெரிந்த பழைய ஹார்ப் இசையை எழுத்துக் குறியீடுகளில் எழுதி வைத்தார். அந்தச் சுவடி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் உள்ள இசை அவர் காலத்துக்கும் நூறு, இருநூறு ஆண்டு முந்தையது.

அந்தச் சுவடியில் என்ன விசேஷம் என்றால், இசை முழுவதும் இருபத்துநான்கு அளவுகளில் அடங்குகிறது. ஒவ்வொரு அளவையும் 1, 0 என்ற இரண்டே குறிகளின் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு சுரக் கூட்டங்கள் ஒரு முறைப்படி மாறி மாறி வரும், திரும்பத் திரும்பச் சுழலும், மேலே விரல்கள் விளையாடும். இன்று வேல்ஸில்கூட அதை எப்படி வாசிப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, மரபு அறுந்துவிட்டது.

இப்போது கும்பெங்கோவை நினைத்துப் பாருங்கள். ஃபின்ச் தன் கன்சர்வேட்டரிப் படிப்பிலிருந்து கோராவைச் சந்திக்கவில்லை. அதற்கு முந்தைய, ஹார்மனி வருவதற்கு முந்தைய வேல்ஸுக்குப் போய் அங்கிருந்து சந்திக்கிறார். தன் நாட்டில் அறுந்துபோனதை வாசிக்க அறுபடாத ஒரு கை பக்கத்தில் தேவைப்பட்டிருக்கிறது. வடகரையின் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பது? ஃபின்ச் கொடுத்தது போலத் தெரிகிறது, எனக்கு அவர் வாங்கிக்கொண்டது போலக் கேட்கிறது.

---

ராகப்பித்தன்

இதற்காகவே அந்த ஆல்பத்தைக் கேட்கப் போகிறேன். மரபு என்றதும் ஞாபகம் வந்தது. கெய்ட்டாவின் கோராவில் 22 நரம்பு என்று எங்கோ பார்த்தேன். 21 என்று நரம்பிழை சார் சொன்னாரே?

---

முச்சந்தி

இரண்டும் சரி. முதல் கோரா வாசித்த ஜாலி மாடி வூலெங் இறந்தபோது மற்ற ஜாலிகள் அவர் நினைவாக ஒரு நரம்பை எடுத்துவிட்டார்கள் என்று கதை. கசமான்ஸ் பக்கம் மட்டும் அந்த நரம்பை வைத்திருக்கிறார்கள். கெய்ட்டா 2015-ல் 22 நரம்புகள் என்ற பெயரிலேயே தனி ஆல்பம் போட்டார். ஆனால் 1790-களில் அந்தப் பகுதியில் சுற்றிய மங்கோ பார்க் தன் பயண நூலில் 18 நரம்புள்ள பெரிய ஹார்ப் என்று எழுதியிருக்கிறார். நரம்பு எண்ணிக்கையை வைத்து மரபை அளக்க வேண்டாம்.

(செல்வி அக்கா இதை எடுத்து என்மேலேயே வீசுவார் என்று தெரியும்.)

---

கார்டிஃப் செல்வி

வீசிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

புதுவரவு

இழையைப் படித்து முடித்தேன், இன்னும் ஒரு துண்டுகூடக் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது?

---

ஒலிமேடை பாலா

ஸோரில் பாக்கையும் பாய்ஸோவையும் இணைக்கும் உருப்படி. கோல்ட்பெர்க்கின் தொடக்க ஆரியாவில் ஆரம்பித்துப் பழைய மேற்கு ஆப்பிரிக்க மெட்டுக்குப் போகும். எந்த இடத்தில் மாறியது என்று முதல் தடவையில் பிடித்துவிட்டால் நீங்கள் ஹெட்ஃபோனுக்குச் செலவழித்தது வீண் போகவில்லை. 2022-ல் வந்த எக்கோவைக் கடைசியாகக் கேளுங்கள். பக்குவமாக இருக்கிறது, ஆனால் முதல் ஆல்பத்தின் தேடல் அதில் இல்லை.

---

முச்சந்தி

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் 22 நரம்புகள் ஆல்பத்தைக் கேளுங்கள், கெய்ட்டா தனியாக இருக்கும்போது எவ்வளவு பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு ஜோடி: மாலியின் பல்லாக்கே சிசோக்கோ கோரா, பிரான்ஸின் வின்சென்ட் செகால் செலோ, 2009 ஆல்பம். பமாக்கோவில் இரவு நேரத்தில் பதிவு செய்தது. செலோவும் கோராவும் நாராலும் வில்லாலும் வேறுபட்டவை, பாலா சொன்ன தலைவலி அங்கே இல்லை, இருவரும் தனித்தனியாக நிற்பார்கள். அதற்குப் பிறகு இந்த ஜோடிக்கு வாருங்கள். கெய்ட்டா பாடாத இடங்களில் உங்களுக்கு எதாவது குறைவாகத் தெரிகிறதா என்று இங்கே வந்து எழுதுங்கள். எனக்குத் தெரிகிறது.

---

வடகரை

அந்தப் பட்டியலில் ராபர்ட் ஆப் ஹியூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் புதுவரவு. கேட்ட பிறகு, ஹார்ப் கொடுக்கிறதா வாங்குகிறதா என்று நரம்பிழைக்கும் எனக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல இன்னொரு காது தேவைப்படுகிறது.